வேறொரு கருவியில்

குதைபியாவில் எங்கள் அறைக்குக் கட்டில் ஐந்து,
ஆட்கள் ஒன்பது.
கணக்கு சரிதான்.
சமையல்கார பாவாவுக்கு மட்டும் தனிக்கட்டில்,
ஏனென்று யாரும் கேட்டதில்லை.
மற்றவர்கள் இரண்டிரண்டு பேர்,
பகலுக்கு ஒருவன், இரவுக்கு ஒருவன்.

என் கட்டிலின் மறுபாதி தேவசகாயம்.
ஹித்தில் கப்பல் பட்டறை, இரவு வெல்டிங்.
எனக்கு மனாமாவில் செல்போன் கடை.
நான் பல் துலக்கும்போது அவன் பூட்ஸ் கழற்றுவான்.
தலையணை இரண்டு, மெத்தை ஒன்று.
காலையில் அந்தச் சூடு யாருடையதென்று
மெத்தைக்கே தெரியாது.

ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்பக் கேட்காத
டிவி கன்சோல் ஒன்றைப்
பதினெட்டு தினாருக்குக் கடையில் எடுத்தேன்.
அவனிடம் கையில் வைத்து ஆடுகிற சின்னது;
அதன் இடது குச்சி தானாகவே வடக்கே இழுக்கும்.
கார்டு என்னுடையது, காசு பாதிப் பாதி,
கடவுச்சொல்லில்
அவன் அக்கா மகளின் பிறந்தநாளும்
என் பழைய பைக் நம்பரும்.
பதினோரு கேம் சேர்ந்தது.
"ஒரே அலமாரி மக்கா, சாவி ரெண்டு" என்றான்.

ரெண்டு சாவியும் ஒரே நேரத்தில் திரும்பாது
என்று அன்றிரவே தெரிந்தது.
கம்பெனி பஸ் முஹர்ரக் பாலம் ஏறியிருக்கும்.
இங்கே என் ஆள் பள்ளத்தைத் தாண்டப் பாய்ந்தவன்
அந்தரத்தில் அப்படியே நின்றான்.
*இந்த கேம் வேறொரு கருவியில் விளையாடப்படுகிறது.*
போனில் கத்தினேன்:
"டேய், இறங்குடா!"
"பஸ்லேருந்தா?"

பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தான்.
நெட்டை அணைத்துவிட்டால்
அவன் ஆடுவது என் பெட்டிக்குத் தெரியாது.
ஒரு வாரம் இருவரும் ஒரே தீவில்
ஒருவருக்கொருவர் தெரியாமல் திரிந்தோம்.
வியாழக்கிழமை பெட்டி கேட்டது:
சேமிப்பு இரண்டு இருக்கிறது, எதை வைத்துக்கொள்ள?
என்னுடையதில் ஏழு விளக்கு ஏற்றியாயிற்று.
அவனுடையதில் மூன்று விளக்கு, ஒரு கழுதை.
ரொட்டி சுற்றிய தாளில் எழுதி வைத்திருந்தான்:
"என்னோடத வச்சுக்கிடு. கழுதை இருக்கு."

நான் என்னுடையதை வைத்துக்கொண்டேன்.
இரண்டு நாள் ஈரத்துண்டை
என் தலையணைமேல் போட்டுவிட்டுப் போனான்.
அதற்குப் பிறகு நெட்டை யாரும் அணைக்கவில்லை.
பஸ் ஹித் போய்ச் சேரும்வரை அவன்,
பிறகு நான்.
திறந்தவுடன் தெரியும்
எந்த வாசலில் முட்டிக்கொண்டு நின்றானென்று.

ஏப்ரலில் அவன் ஒப்பந்தம் முடிந்தது.
ஒரே நாளில் பதினான்கு பேரை விமானம் ஏற்றினார்கள்.
நான் கடையில் யாருடைய போனுக்கோ
கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன்.
அன்றிரவு மெத்தை குளிர்ந்திருந்தது.
தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய்,
கால் நீட்டி நன்றாகவே தூங்கினேன்.
நான்காம் நாள் கடலூர்க்காரன் ஒருவன் வந்தான்,
கேம் பிடிக்காதாம்.

பஹ்ரைன் நம்பர் செத்துப்போயிற்று,
ஊர் நம்பர் வாங்கி வைக்கவில்லை.
பாவா இரண்டு தடவை சொன்னார்,
"கார்டு உன்னுது. பாஸ்வேர்டை மாத்து தம்பி."
மாற்றுகிற பக்கம்வரை போனேன்.
பழையதை முதலில் அடிக்கச் சொன்னது.
அடித்தேன்.
புதிதாக எதுவும் தோன்றவில்லை.

ஜூலை, ஒரு வெள்ளிக்கிழமை.
பிரியாணிக்குப் பிறகு ஆளாளுக்குச் சரிந்துகிடக்க,
ஒன்பதாம் விளக்கின் கீழே
தீப்பந்தத்தைத் தூக்கினேன்.
திரை நின்றது.
வேறொரு கருவியில்.

"நெட் போச்சா?" என்றான் கடலூர்க்காரன்.
"இல்ல," என்றேன், "ஆள் வந்தாச்சு."

எழுந்துபோய்ச் சட்டை இரண்டைத் துவைத்தேன்.
வெங்காயம் உரித்துக்கொடுத்தேன், பாவா கேட்காமலே.
ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால்
விளக்கு ஏற்றப்படவில்லை.
அதன் தூணில் ஒரு கழுதை கட்டியிருந்தது.
என் நாணயத்தில் முந்நூறு குறைந்திருந்தது.